தட்டில் ஒரு பாட்டு, படத்தில் ஒரு பாட்டு

முதலில் ஒரு தப்பை ஒத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த 1950களின் படம் ஒன்று. அதில் ஒரு பாட்டு. இசைத்தட்டில் இருப்பது ஒரு பதிவு, படத்தில் கேட்பது வேறொரு பதிவு. படத்துக்காகப் பாடகர் சுருதியை ஏற்றித் தனியாகப் பாடியிருக்கிறார், அந்தப் பதிவு இன்றுவரை எந்தத் தட்டிலும் வரவில்லை என்பது என் வாதம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கக் கொடுத்திருந்தேன். கேட்டவர்கள் எல்லாம் "ஆமாம், அப்பட்டமா தெரியுதே" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கண்டுபிடிப்பு தவறு. அப்படி ஒரு தனிப் பதிவு கிடையாது.

பாட்டின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. என் குறிப்பை நம்பி, "அரிய வெளிவராத வடிவம்" என்ற தலைப்போடு நாலைந்து காணொளிகள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கின்றன. பெயரையும் அந்தத் தலைப்பையும் நான் மறுபடி ஒரே பக்கத்தில் எழுதினால், தேடி வருகிறவருக்குப் பொய்தான் முதலில் கையில் கிடைக்கும். பழைய குறிப்பின் தலைமாட்டிலேயே திருத்தம் போட்டுவிட்டேன். எப்படித் தவறினேன், ஏன் அவ்வளவு சுலபமாக நம்பினேன், உண்மையில் தேட வேண்டியது எது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மலையும் வளைவும்

நான் இருப்பது ஏற்காட்டில். சேலத்திலிருந்து மலைக்கு வருகிற சாலையில், கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிப்பதற்கு வெகு முன்னாலேயே, ஊருக்குள் இன்னொரு வளைவு நிற்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு. ஸ்டுடியோவில் மிஞ்சியது அதுதான். மலைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் இறங்கி அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தில் லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். சென்னைக்குப் போகாமல் சேலத்திலேயே ஸ்டுடியோ கட்டினார். முதல் படம் 1937-இல் வந்த 'சதி அகல்யா'. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938) இவர்கள் எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இவர்கள் எடுத்தது. மொத்தம் நூற்றுக்கும் மேல் படங்கள். அந்தப் படங்களில் பலவற்றுக்கு மெட்டுப் போட்ட ஜி. ராமநாதனும் சுந்தரமும் ஒரே வருஷத்தில், 1963-இல், சில மாத இடைவெளியில் இறந்துபோனார்கள்.

எங்கள் மலையில் பழைய எஸ்டேட் பங்களாக்கள் கை மாறும்போது தட்டுமுட்டுச் சாமான்களோடு சில சமயம் கிராமபோன் தட்டுகளும் வெளியே வரும். அப்படி எனக்கு ஒரு தகரப்பெட்டி நிறையக் கிடைத்தது. பாதி ஆங்கிலம், பாதி தமிழ். மழைக்காலப் பனிமூட்டத்தில் வருஷக்கணக்காகக் கிடந்து எல்லாவற்றிலும் பூசணம். நான் செய்த முதல் காரியம், பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒரு தட்டைத் துடைத்தது. பழைய நாடகப் பாட்டுத் தட்டு. துடைக்கத் துடைக்கப் பஞ்சு கறுத்தது. அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டேன். போனது பாட்டு.

78 சுழற்சித் தட்டு என்பது அரக்கு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். மரவேலை செய்கிற யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே அவர்கள் பாலிஷ் போடுகிறார்கள்? காய்ச்சி வடித்த தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். இதை ஒரு தட்டைக் கொன்ற பிறகு கற்றுக்கொண்டேன். அந்தத் தட்டு இப்போதும் அலமாரியில் இருக்கிறது. ஊசி வைத்தால் இரைச்சல் மட்டும்தான்.

எப்படித் தவறினேன்

அந்தப் பெட்டியில்தான் நான் சொன்ன பாட்டின் தட்டும் இருந்தது. 78 தட்டுக்கு உரிய அகலமான ஊசி வாங்கி, கணினியில் ஏற்றினேன். அப்புறம் படத்தின் விசிடியைத் தேடிப் பிடித்து அதிலிருந்தும் பாட்டை எடுத்தேன். இரண்டையும் கேட்டால் பளிச்சென்று வித்தியாசம். படத்தில் குரல் மேலே நிற்கிறது, பாட்டும் விறுவிறுப்பாகப் போகிறது. தட்டில் நிதானம். போதாதா? அன்று ராத்திரியே எழுதிப் போட்டுவிட்டேன்.

சேலம் செவ்வாய்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் போன வருஷம் அதைப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். அந்தக் காலத்தில் நாடகங்களுக்கு ஆர்மோனியமும் வாசித்தவர். இரண்டையும் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தார். தட்டின் சுருதியைத் தொட்டார், பிடிபட்டது. படத்தின் சுருதியைத் தேடினார். இந்தக் கட்டையை அமுக்கினார், அடுத்ததை அமுக்கினார், மறுபடி பழையதற்கு வந்தார்.

"தம்பி, இது ரெண்டு கட்டைக்கும் நடுவுல நிக்குதுங்களே."

"பாடகர் கொஞ்சம் ஏத்திப் பாடியிருக்கலாம் இல்லீங்களா, ஐயா?"

"பாடறவரு ஏத்துனா அரைக்கட்டை ஏத்துவாரு, ஒரு கட்டை ஏத்துவாரு. கூட வாசிக்கிற ஆர்மோனியத்துக்கு நடுவுல கட்டை ஏது? இது மனுசன் ஏத்துனது இல்லீங்க, மிசினு ஏத்துனது."

அவர் சொன்னது அப்படியே சரி. சினிமா பிலிம் ஒரு நொடிக்கு 24 பிரேம் ஓடும். நம் ஊர்த் தொலைக்காட்சி முறை நொடிக்கு 25 பிரேம். பிலிமை அதற்கு மாற்றும்போது பல சமயம் 24-ஐ 25 வேகத்தில் ஓட்டிவிடுவார்கள். படம் நாலு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வேகமாகப் போகும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். மூன்று நிமிஷப் பாட்டு சுமார் ஏழு விநாடி குறையும். சுருதி அரைக்கட்டையில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறும். தூர்தர்ஷனில் படம் பார்த்து, பின்னால் விசிடியில் பார்த்து வளர்ந்த நமக்கெல்லாம் பழைய பாட்டுகளின் சுருதி இப்படித்தான் மனசில் பதிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து படத்தின் ஒலியை 24-க்கு 25 என்ற கணக்கில் மெதுவாக்கி, தட்டின் ஒலிக்கு மேல் வைத்தேன். ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தது. சரணத்தின் முடிவில் பாடகர் மூச்சு வாங்குகிற இடம், தபேலாவில் ஒரு அடி லேசாகப் பிந்துகிற இடம், எல்லாம் ஒன்றே. ஒரே பாடல், ஒரே பதிவு. நாலு வருஷமாக நான் புகழ்ந்த "சுருதி ஏற்றிய பாவம்" ஒரு இயந்திரத்தின் வேலை.

வெட்கமாக இருந்தது. காது கேட்காமல் போனதற்காக இல்லை. அந்தக் குறிப்பில் நான், "படத்தில் பாடகர் கூடுதல் உணர்ச்சியோடு பாடியிருக்கிறார்" என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். இல்லாத பதிவில் இல்லாத உணர்ச்சியைக் கேட்டிருக்கிறேன். "இது அரியது" என்று முதலில் முடிவு செய்துவிட்டால், அதற்கப்புறம் காது அந்த முடிவுக்கு ஏற்றபடிதான் வேலை செய்யும்.

டெட்ராய்ட்டிலிருந்து கடன் வாங்கிய கனவு

இந்த ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். அதே பங்களாப் பெட்டியிலிருந்த ஆங்கில இசைத்தட்டுகள் என்னைக் கருப்பினத்தவரின் சோல் இசைக்கு இழுத்துப் போயின. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் 1959-இல் தொடங்கிய மோடவுன் நிறுவனத்தைப் பற்றி விழுந்து விழுந்து படித்தேன். டெம்ப்டேஷன்ஸ், மிராக்கிள்ஸ், சுப்ரீம்ஸ் என்று அங்கே வரிசையாகக் குழுக்கள். வாத்தியக்காரர்கள் ஒரே அணி. தனித்தனி டிராக்கில் பதிவு. ஒரே பாட்டை இரண்டு மூன்று குழுக்களைப் பாடவைத்துப் பார்ப்பார்கள். எதை வெளியிடுவது என்று கூட்டம் போட்டு முடிவு செய்வார்கள்.

'ஐ ஹேர்ட் இட் த்ரூ த கிரேப்வைன்' பாட்டை மிராக்கிள்ஸ் 1966-இல் பாடினார்கள். மார்வின் கே 1967-இல் பாடினார். ஆனால் முதலில் வெளிவந்தது அவர்களுக்குப் பின்னால் பாடிய கிளாடிஸ் நைட் குழுவின் பதிவு. பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்த மார்வின் கேயின் பதிவு 1968-இல் தனித்தட்டாக வந்தபோது உலகமே பாடியது. இப்படி ஒரு கதையைப் படித்தால் யாருக்குத்தான் பெட்டியைத் திறக்க ஆசை வராது? ஐரோப்பாவில் ஐம்பது வருஷத்துக்குள் வெளியிடாத பதிவுக்கு உரிமை போய்விடும் என்பதால், 2010களில் நிறுவனங்களே பழைய வெளிவராத பாட்டுகளைக் கூடைகூடையாகக் கொட்டின. சோல் ரசிகர்களுக்கு அது பொங்கல்.

அந்தக் கனவை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து சேலத்தில் தேடினேன். அடிப்படைத் தவறு இதுதான். மோடவுனில் வெளிவராத பாட்டு என்றால் அலமாரியில் ஒரு நாடா இருக்கிறது என்று அர்த்தம். நம் ஊரில் 1930, 40களின் ஒலி பிலிமின் ஓரத்திலேயே ஒளிக்கோடாகப் பதிவானது. ஆரம்பகாலப் படங்களில் நடிகர் காமிராவின் முன்னால் நின்று பாடுவார். வாத்தியக்காரர்கள் மரத்துக்குப் பின்னாலும் மறைவிலும் உட்கார்ந்து வாசிப்பார்கள். அந்த பிலிம் நைட்ரேட். தானாக மக்கும், சட்டென்று தீப்பிடிக்கும். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964-இல்தான். அதற்குள் மௌனப்படக் காலத்தையும் பேசும்பட ஆரம்பத்தையும் பெரும்பகுதி தொலைத்துவிட்டோம்.

ஆக, "எந்தப் பெட்டியில் இருக்கிறது?" என்ற கேள்வி நமக்குப் பொருந்தாது. இங்கே பெட்டியே இல்லை. அப்படியானால் தேட ஒன்றுமில்லையா? இருக்கிறது. அது வேறு மாதிரி.

மூன்று ஏடுகள்

உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது செய்தது என்ன? ஒரே நூலின் பல ஏட்டுப் பிரதிகளை வரிக்கு வரி ஒப்பிட்டார். வேறுபட்ட இடங்களைப் பாடபேதம் என்று கணக்கில் எடுத்தார். எது புலவன் எழுதியது, எது ஏடு எழுதினவன் கைப்பிழை என்று பிரித்தார். பழைய சினிமாப் பாட்டுக்கும் இதே வேலை தேவைப்படுகிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று ஏடுகள் உண்டு.

முதலாவது, பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசலில் விற்ற மெலிசான புத்தகம். நடிகர் பட்டியல், பாதிக் கதை, "மீதியை வெள்ளித்திரையில் காண்க", பிறகு பாட்டுகள். படம் வெளியாகிற நேரத்துக்குள் அச்சாக வேண்டும் என்பதால் இதில் இருக்கிற பாட்டு படத்தில் இல்லாமல் போவதும் உண்டு. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இவற்றைப் பார்க்கலாம்.

இரண்டாவது, இசைத்தட்டு. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம். பாட்டு நீளம் என்றால் சரணத்தை வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பக்கத்துக்குப் பிரிக்க வேண்டும். பின்னணிப் பாடல் முறை வேரூன்றுவதற்கு முந்திய காலத்தில் தட்டுக்கென்று தனியாகப் பாடிப் பதிவு செய்வார்கள். அது நிஜமாகவே வேறு பதிவு. பிற்பாடு பெரும்பாலும் படத்துக்குப் பதிவான ஒலியே தட்டுக்கும் போனது. தட்டின் நடுவில் லேபிளை ஒட்டிய வெற்றிடத்தில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டால், ஒரே பதிவா வேறு வேறா என்பதில் பாதிச் சந்தேகம் தீரும். நான் செய்யாமல் விட்ட வேலைகளில் இதுவும் ஒன்று.

மூன்றாவது, படம். அது எந்தப் பிரதி, எந்த வழியாக நம் கைக்கு வந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 25 பிரேம் வேகம் என்பது ஏடு எழுதினவன் கைப்பிழை. நான் அதைப் புலவன் வாக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

இப்படிப் பார்க்க ஆரம்பித்தால் உண்மையான வேறுபாடுகள் வந்து நிற்கும். ஏ.வி. மெய்யப்பனின் 'ஸ்ரீவள்ளி' (1945) படத்தில் வள்ளியாக நடித்தவர் ருக்மிணி. பாட்டுகளை அவரே பாடினார். அது மெய்யப்பனுக்குத் திருப்தி தரவில்லை. பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து, ருக்மிணியின் வாயசைவுக்கு அந்தக் குரலைப் பொருத்தினார். திரையில் தெரிகிற உதடு பாடியது ஒரு பாட்டு, நாம் கேட்பது இன்னொரு பாட்டு. ஒரு நடிகையின் பாட்டுக்கு அந்த உதடுகள் மட்டும் சாட்சியாக நிற்கின்றன. "வெளிவராத பதிவு" என்று தமிழில் எதையாவது சொல்லலாம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

எதிர்த் திசையிலும் உண்டு. மகேந்திரன் இயக்க இருந்து நின்றுபோன 'மருதாணி' படத்துக்காக இளையராஜா மெட்டமைத்து எஸ். ஜானகி பாடிய 'புத்தம் புதுக் காலை' என்ற பாட்டு, 1981-இல் 'அலைகள் ஓய்வதில்லை' இசைத்தட்டில் வந்தது. படத்தில் இல்லை. முப்பது வருஷத்துக்கும் மேல் காட்சி இல்லாத பாட்டாகவே அது வாழ்ந்தது. 2014-இல் 'மேகா' படத்தில்தான் புதுக்குரலில் ஒரு காட்சி கிடைத்தது. அதுவரைக்கும் கேட்டவர்கள் ஆளாளுக்கு ஒரு காட்சியை மனசுக்குள் எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் பாட்டின் புகழில் பாதிக்கு அது காரணம் என்று நினைக்கிறேன்.

மலைப்பாட்டு

இப்போது எங்கள் மலைக்கு வருகிறேன். 'மந்திரி குமாரி' (1950). எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி, டி.ஆர். சுந்தரம் முடித்த படம். வசனம் மு. கருணாநிதி. அதில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய 'வாராய் நீ வாராய்' பாட்டைக் கேட்காத தமிழ்க் காது குறைவு. ஜிக்கிக்கு அப்போது பதினைந்து வயதுகூட நிறையவில்லை. அந்த மலைக்காட்சி ஏற்காட்டில் எடுத்ததுதான் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். பகோடா பாயிண்டில் நின்று கீழே பார்க்கும்போது நம்பத்தான் தோன்றும்.

அரிதாகக் கிடைப்பதைத் தேடுகிற யாரும் இந்தப் பாட்டைச் சீண்ட மாட்டார்கள். எங்கே பார்த்தாலும் கிடைக்கிறது, இதில் என்ன தேட இருக்கிறது? ஆனால் மூன்று ஏடு முறையில் பார்த்தால் இதைவிடப் பெரிய பாடபேதம் எனக்குத் தெரியவில்லை.

தட்டில் இது காதல் பாட்டு. ஒருவன் கூப்பிடுகிறான், ஒருத்தி மயங்கிப் பின்தொடர்கிறாள். இடையில் அவள் கேள்வி கேட்கிறாள், அவன் இன்னும் மேலே வா என்கிறான். மெட்டு இதமாக மேலே ஏறுகிறது. வானொலியில் எழுபது வருஷத்துக்கு மேல் இப்படித்தான் ஒலிக்கிறது. கல்யாண வீடுகளில் ரிக்கார்டு போட்டிருக்கிறார்கள்.

படத்தில் இது கொலைப் பாட்டு. எஸ்.ஏ. நடராஜன் நடித்த பார்த்திபன், மனைவி அமுதவல்லியை உச்சியிலிருந்து தள்ளிவிடத்தான் கூட்டிப் போகிறான். நமக்கு அவன் யாரென்று தெரியும். மாதுரி தேவியின் அமுதவல்லிக்கு உச்சிக்குப் போன பிறகுதான் தெரிகிறது. கடைசியாகக் கணவனை மூன்று முறை வலம் வர அனுமதி கேட்டு, பின்னால் வரும்போது அவனைத் தள்ளிவிடுகிறாள்.

தட்டில் இருக்கிற பாட்டுக்கு அந்தப் பள்ளம் தெரியாது. லோகநாதன் குரலில் மிரட்டல் ஒரு துளிகூட இல்லை. ராமநாதன் நினைத்திருந்தால் அடியில் ஒரு கெட்ட சகுனத்தை வைத்திருக்கலாம்; இன்றைய பின்னணி இசையில் கட்டாயம் வைப்பார்கள். அவர் வைக்கவில்லை. அமுதவல்லி கேட்கிற பாட்டு எதுவோ அதையே நமக்கும் கொடுத்தார். அவள் ஏமாறுவது நியாயம் என்று நமக்குத் தோன்ற வேண்டுமானால் பாட்டு நிஜமாகவே இனிமையாக இருக்க வேண்டும். படம் பார்க்கிறவருக்குப் பயம் வருவது அந்த இனிமையால்தான். தட்டை மட்டும் கேட்டு இதை ஒரு நல்ல காதல் பாட்டு என்று சொல்கிறவரும் சரி, படத்தைப் பார்த்து வயிறு கலங்குகிறவரும் சரி. இரண்டு பேர் கேட்டதும் ஒரே மெட்டு, ஒரே குரல். ஆனால் ஒரே படைப்பு இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கதை குண்டலகேசியிலிருந்து வந்தது. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று, ஆனால் நூல் முழுசாகக் கிடைக்கவில்லை. பிற நூல்கள் எடுத்தாண்ட சில பாடல்கள்தான் மிச்சம். கதையையே நீலகேசி உரை வழியாகத்தான் தெரிந்துகொள்கிறோம். தொலைந்துபோன ஒரு காப்பியம், மாற்றுச் சமயத்தார் அதை மறுக்க எழுதிய நூலின் உரையில் தங்கி, அங்கிருந்து சேலம் ஸ்டுடியோவுக்கு வந்து, மூன்று நிமிஷத் தட்டாகச் சுற்றியிருக்கிறது. நம் ஊரில் பொருள்கள் இப்படித்தான் பிழைத்து வருகின்றன. மூலம் போய்விடும், ஏதோ ஒரு ஓரத்தில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும்.

எஸ்.ஜி. கிட்டப்பா கதையும் அதுதான். 1933-இல், முப்பது வயதாவதற்குள் இறந்துபோனார். சினிமாவில் நடிக்கவில்லை. மேடையில் ராத்திரி முழுக்கப் பாடிய மனிதரிடமிருந்து நமக்கு மிஞ்சியது மூன்று மூன்று நிமிஷத் துண்டுகள். அவை அரியவை என்று சொல்லிச் சொல்லியே, அந்த மூன்று நிமிஷத்துக்குள் அவர் எதையெல்லாம் விட்டுவிட்டுப் பாட வேண்டியிருந்தது என்று கேட்க மறந்துவிட்டோம்.

என்ன செய்யலாம்

"அரிய" என்ற சொல்லை நான் இனி எழுதுவதாக இல்லை. அந்தச் சொல் பாட்டைப் பற்றி எதையும் சொல்வதில்லை. எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. பீட்டில்ஸ் பாட்டுகளைக் கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் 78 அரக்குத் தட்டாகப் போட்டார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அதற்குக் கொட்டிக் கொடுக்கிறார்கள். தட்டுதான் அரிது. அதில் இருக்கிற பாட்டு உலகத்தில் எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

பழைய பாட்டை ஏற்றுகிறவர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. எதிலிருந்து எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்: தட்டா, விசிடியா, தொலைக்காட்சியா. தட்டு என்றால் லேபிளைப் படம் எடுத்துப் போடுங்கள், எண் தெரியட்டும். இரைச்சலை நீக்குகிறேன் என்று சுத்தம் செய்வதற்கு முன்னால் இரைச்சலோடு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சலோடு சேர்ந்து பாடகரின் மூச்சும் போய்விடுகிறது. ஒப்பிட மூச்சுதான் கைகொடுக்கும். சட்டம் குறுக்கே வருமோ என்ற பயத்துக்கும் பழைய தட்டுகளில் இடம் குறைவு. நம் நாட்டில் ஒலிப்பதிவுக்கான உரிமை வெளியானதிலிருந்து அறுபது வருஷம்தான். பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமை தனிக் கணக்கு. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் செவ்வாய்பேட்டைப் பெரியவரிடம் மறுபடி போயிருந்தேன். திருத்தம் போட்டுவிட்டதைச் சொன்னேன். "அந்தக் காணொளிக்காரங்க எடுத்துட்டாங்களா?" என்றார். எழுதிக் கேட்டிருக்கிறேன், ஒருத்தர் மட்டும் தலைப்பை மாற்றினார் என்றேன். "மத்தவங்க மாத்த மாட்டாங்க தம்பி. அந்தத் தலைப்புக்குத்தானே ஆளு வருது" என்று சிரித்தார்.

கிளம்பும்போது ஒரு பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். அட்டை இல்லை, ஓரமெல்லாம் கரையான். மாடர்ன் தியேட்டர்ஸ் படம்தான். உள்ளே ஒரு பாட்டுக்கு எதிரில் யாரோ பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். படத்தில் அந்தப் பாட்டை நான் பார்க்கவில்லை. தட்டும் இதுவரை கண்ணில் படவில்லை. எந்தப் படம், எந்தப் பாட்டு என்று இப்போது சொல்ல மாட்டேன். இன்னொரு பிரதி கிடைத்து அதிலும் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஒருமுறை சூடு பட்டாச்சு.